அந்தப் பழைய போனை இன்னும் ஆன் செய்யாதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் தங்கச்சிமடம். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். என் மாமனார் நாற்பது வருடம் கடலில் கிடந்தவர். போன வருடம் படுக்கையில் விழுந்த பிறகு, கடலடியில் எந்தப் பாரில் (பாறைத் திட்டில்) எந்த மாதம் என்ன மீன் நிற்கும், எத்தனை பாகம் ஆழம், ஜிபிஎஸ் பாயிண்ட் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சிலவற்றை நேரில் சொன்னார், சிலவற்றை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். எல்லாவற்றையும் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பிட்வார்டன் ஆப்பில் 'மாமா பார்' என்று ஒரே நோட்டாக எழுதி வைத்தேன். மொத்தம் 46 பாயிண்ட். தை மாதம் அவர் தவறிவிட்டார். மாசியில் என் போன் விழுந்து டிஸ்பிளே உடைந்தது. புதுப் போன் வாங்கி அதே ஆப்பைப் போட்டேன், எல்லாம் அப்படியே வந்தது. இரண்டு வாரம் முன்பு 47ஆவது பாயிண்டைச் சேர்க்கப் போனபோது சிவப்பில் 10000 என்று ஏதோ வந்தது, சேவ் ஆகவில்லை. இடம் நிறைந்துவிட்டது என்று நினைத்து 'போட்டு பேப்பர்' என்ற இன்னொரு நோட்டை அழித்தேன். அப்போதும் ஆகவில்லை. சரி, பழையதை வேறு நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம் என்று 46 வரியையும் கட் செய்துவிட்டுப் புது வரியை சேவ் செய்தேன். அதற்குள் மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு ஓடிபி வந்தது, அதைக் காப்பி செய்தேன். திரும்பி வந்து ஒட்டினால் ஓடிபிதான் வருகிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 4,000 ரூபாய் கேட்கிறார்கள், ஆப்பைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டும் வேண்டுமாம். கொடுக்கலாமா? உடைந்த போன் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.
ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி எழுதி அனுப்பினேன்: கடைக்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், அலமாரியில் இருக்கும் போனை ஆன் செய்யாதீர்கள். அது கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். இப்போது விவரமாக எழுதுகிறேன். மாதிரிக்கு என்று நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்த ஒரு பாயிண்டை இங்கே அச்சில் வராமல் எடுத்துவிட்டேன். அது உங்கள் குடும்பத்தின் சொத்து.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். 'போட்டு பேப்பர்' நோட்டு எங்கும் போகவில்லை. பிட்வார்டனில் நீங்கள் அழிப்பது நேராகக் காணாமல் போவதில்லை, 'ட்ராஷ்' என்ற குப்பைக் கூடைக்குப் போய் 30 நாள் அங்கே இருக்கும். இரண்டு வாரம் ஆகிறது என்கிறீர்கள், ஆகவே பாதி நாள் கழிந்துவிட்டது. புதுப் போனில் ஆப்பைத் திறந்து முதல் பக்கத்தைக் கடைசிவரை கீழே தள்ளுங்கள், ட்ராஷ் என்று இருக்கும். அதற்குள் உங்கள் நோட்டைத் திறந்து 'ரெஸ்டோர்' என்பதைத் தொடுங்கள். நிரந்தரமாக அழிக்கும் பட்டனும் அங்கேயே இருக்கும், அவசரத்தில் விரல் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே செய்துவிடுங்கள். ஒருவேளை அது கிடைக்காமலே போனாலும் கலங்க வேண்டாம். படகின் பதிவு எண், இன்ஷூரன்ஸ், டீசல் பாஸ்புக் எல்லாம் அலுவலகங்களில் பதிவாகி இருப்பவை. அலைச்சல்தான், ஆனால் மறுபடி வாங்கிவிடலாம்.

'மாமா பார்' நோட்டுதான் கஷ்டமானது. அதை நீங்கள் அழிக்கவில்லை, அதன் மேலேயே வேறொன்றை எழுதிவிட்டீர்கள். பிட்வார்டன் ஒரு கணக்கின் பழைய பாஸ்வேர்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் நோட்டின் பழைய வடிவத்தை வைத்துக்கொள்ளாது. ஆகவே ட்ராஷில் தேடினாலும் அது இருக்காது. அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாலும், உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களாலேயே படிக்க முடியாது. இதைப் படித்ததும் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும் என்று தெரியும். அதனால்தான் அடுத்த வரியை உடனே எழுதுகிறேன்: அந்த 46 வரியும் உங்கள் அலமாரியில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அது எப்படி என்று சொல்வதற்கு முன், நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். புதுப் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். போன்மேல் தப்பில்லை. பிட்வார்டனில் ஒரு நோட்டுக்கு 10,000 எழுத்து என்று ஒரு வரம்பு உண்டு. அந்தக் கணக்கு நீங்கள் எழுதியதற்கு இல்லை, பூட்டி மறைத்த பிறகு அது எவ்வளவு நீளமாகிறது என்பதற்கு. இங்கேதான் தமிழில் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்கிறோம். கணினி இடத்தைப் பைட் என்ற அளவில் எண்ணும். ஆங்கில எழுத்தோ எண்ணோ அதற்குள் ஒரு பைட்தான். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'விளமீன்' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது வ, இகரக் கொக்கி, ள, ம, ஈகாரச் சுழி, ன, புள்ளி என்று ஏழு குறி, 21 பைட். பூட்டும்போது மூன்று பைட் நான்கு எழுத்தாக விரியும், ஆக 28 இடம். இப்படிப் பார்த்தால் முழுக்கத் தமிழில் எழுதிய ஒரு நோட்டில் ஏறக்குறைய 2,500 குறிகள்தான் கொள்ளும். அதே நோட்டை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழாயிரம் எழுத்துக்கு மேல் போகலாம். நீங்கள் அனுப்பிய மாதிரி வரியை எண்ணிப் பார்த்தேன், 160 பைட் அளவில் வருகிறது. அப்படி 46 வரி என்றால் சரியாக விளிம்பில் நிற்கும். 47ஆவது வரி வைத்ததும் வழிந்துவிட்டது.

அந்த வரம்பு ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனி. இன்னொரு நோட்டை அழித்ததால் இதில் இடம் கூடவில்லை. அந்தச் சிவப்பு எழுத்து ஆங்கிலத்தில் ஒற்றை வரியாக வந்து போனால் யாருக்குத்தான் புரியும்? உங்கள்மேல் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வழிந்தது என்று தெரிந்ததும் இரண்டாகப் பிரிக்கலாம் என்று நினைத்தீர்களே, அதுதான் சரியான யோசனை. கட் செய்ததற்குப் பதில் காப்பி செய்திருந்தால் எல்லாம் நலமாக முடிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அலமாரிக்கு வருவோம்.

பிட்வார்டன் உங்கள் நோட்டுகளின் ஒரு முழுப் பிரதியை, பூட்டிய நிலையில், ஒவ்வொரு போனுக்குள்ளும் வைத்திருக்கும். நெட் இல்லாத இடத்திலும் திறந்து படிக்க முடிவது அதனால்தான். உங்கள் பழைய போன் மாசியில் அணைந்தது. அன்றைக்கு 'மாமா பார்' நோட்டில் 46 வரியும் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் போன் நெட்டைப் பார்க்கவே இல்லை. ஆகவே நீங்கள் நோட்டை மாற்றிய சங்கதி அதற்கு இன்னும் தெரியாது. அது நெட்டில் இணைந்த மறுகணம் தெரிந்துகொள்ளும், தெரிந்ததும் தன்னிடம் உள்ள பழைய பிரதியின் மேல் புதியதை எழுதிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2019இல் ஒரு மருந்துக் கடைக்காரர் இதே மாதிரி ஒரு நோட்டை இழந்து, தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். என் மேஜையில் வைத்துத் திறந்தேன். வைஃபை பெட்டியை அணைத்திருந்தேன். ஆனால் என் சட்டைப்பையில் இருந்த போனின் ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் அதே லேப்டாப்பை அதில் ஒருமுறை இணைத்திருந்ததை நான் மறந்துவிட்டேன். நோட்டு திறந்தது, வரிகள் முழுதாகத் தெரிந்தன, நாங்கள் இருவரும் முகம் மலர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து நொடியில் திரை ஒருமுறை சிமிட்டி எல்லாம் காலியானது. பத்து வருட மொத்த வியாபாரிகளின் கணக்கு அது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த அமைதி இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால் கீழே சொல்வதில் ஒன்றைக்கூட 'இது எதற்கு' என்று தாண்டிப் போகாதீர்கள்.

போனுக்குச் சார்ஜ் போடுவதற்கு முன்பே சிம்மைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சின்ன ஊசி இல்லையென்றால் காதுத் தோட்டின் தண்டு போதும். சிக்னல் இல்லாத இடத்தில் வைத்துத் திறந்தால் போதாதா என்று தோன்றும். வேண்டாம். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கைக் கோபுரத்தின் சிக்னலே போனில் ஏறும், உங்களுக்கே தெரிந்திருக்கும். கழற்றுவதுதான் உறுதி. அடுத்தது வீட்டில் வைஃபை பெட்டி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வீட்டுக்காரர், பிள்ளைகள், வந்திருக்கும் உறவுக்காரர் போன் எதிலும் ஹாட்ஸ்பாட் ஓடக்கூடாது. பக்கத்து வீட்டு வைஃபையை எப்போதாவது பயன்படுத்தியிருந்தால், அந்த வீட்டை விட்டுத் தள்ளி எங்காவது உட்கார்ந்து செய்யுங்கள். போன் தனக்கு அறிமுகமான வைஃபையைக் கேட்காமலே பிடித்துக்கொள்ளும்.

போனின் முதுகு உப்பியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடக்கூடாது, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். நன்றாக இருந்தால் அணைந்த நிலையிலேயே பாதிக்குமேல் சார்ஜ் ஏறட்டும்.

டிஸ்பிளே உடைந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படம் தெரிகிறதா, தொட்டால் வேலை செய்கிறதா என்று எழுதவில்லை. பெரும்பாலும் படம் பாதியாவது தெரியும், தொடுதல்தான் செத்திருக்கும். அப்படியானால் கவலையே இல்லை. ஓடிஜி என்று கேட்டு ஒரு சின்ன இணைப்பான் வாங்குங்கள், மொபைல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதைப் போனில் செருகி, கம்ப்யூட்டர் மவுஸை அதில் செருகினால் திரையில் ஓர் அம்புக்குறி வரும். விரலுக்குப் பதில் அதை வைத்து எல்லாவற்றையும் அழுத்தலாம். ஆன் செய்த உடனே போனின் பூட்டு எண்ணைக் கேட்கும், கைரேகை அப்போது வேலை செய்யாது. மவுஸால் எண்களை அழுத்தித் திறந்து, வேறெதையும் தொடுவதற்கு முன் மேலிருந்து இழுத்து ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வைஃபை குறி அணைந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

படமே தெரியாமல் முழுக்க இருட்டாக இருந்தால் சர்வீஸ் கடைக்குப் போகத்தான் வேண்டும். டிஸ்பிளே மாற்றினால் உள்ளே உள்ளது அழியாது. ஆனால் சில சர்வீஸ் சென்டர்களில் வேலை முடிந்ததும் போனை ரீசெட் செய்து கொடுப்பார்கள், வைஃபையில் இணைத்தும் பார்ப்பார்கள். 'டிஸ்பிளே மட்டும் மாற்றுங்கள், ரீசெட் வேண்டாம், மதர்போர்டைத் தொட வேண்டாம், வைஃபை போட வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லி, கூடவே உட்கார்ந்து வாங்கி வாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

இப்போது ஆப்பைத் திறக்கலாம். அது மாஸ்டர் பாஸ்வேர்டையோ பின் நம்பரையோ மட்டும் கேட்டால் பூட்டிய நிலையில்தான் இருக்கிறது, உள்ளே உங்கள் பிரதி பத்திரமாக இருக்கிறது. இமெயில் முகவரியையும் சேர்த்துக் கேட்டால் அது வெளியேறிவிட்டது என்று பொருள், அந்த வழி அடைபட்டது. நீங்கள் எதையும் மாற்றி வைக்கவில்லை என்றால் பூட்டிய நிலையில்தான் இருக்கும். பின் நம்பர் வைத்திருந்தால் குத்துமதிப்பாக அழுத்திப் பார்க்காதீர்கள். ஐந்து முறை தவறினால் ஆப் தானாகவே வெளியேறிவிடும், உள்ளே இருந்த பிரதியும் அதோடு போய்விடும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து நிதானமாக அழுத்துங்கள்.

'மாமா பார்' திறந்ததும் முதல் வேலை, வீட்டுக்காரர் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு அதன் கேமராவால் திரையைப் படம் எடுப்பது. பழைய போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பார்த்தால் வராது. இந்த ஆப் அதைத் தடுத்து வைத்திருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, முந்தின படத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த படத்திலும் வருகிற மாதிரி எடுங்கள். பிறகு ஒருவர் வாசிக்க ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதியதைத் திருப்பி வாசித்துச் சரிபாருங்கள். இது முடியும்வரை இரண்டு போனும் நெட்டுக்குப் போகக்கூடாது. முடிந்த பிறகும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், இந்த வருடம் முழுக்க அலமாரியிலேயே கிடக்கட்டும்.

இந்தக் காரணத்துக்காகவே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்கிறேன். அவர் போன் வேண்டும், அவர் கை வேண்டும், அவர் நினைவும் வேண்டும். படகில் அவர் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியில் அடிக்கடி போகும் பத்துப் பன்னிரண்டு பாயிண்டாவது சேவ் ஆகியிருக்கும். கார்மின் போன்ற கருவியாக இருந்தால் யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, கார்மின் என்ற ஃபோல்டருக்குள் ஜிபிஎக்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து, அங்கே உள்ள ஃபைல்களை அப்படியே காப்பி செய்துகொள்ளலாம். பழைய போன் கைவிட்டால் அதுவே உங்களுக்குத் தொடக்கம். கைவிடாவிட்டால் ஒத்துப் பார்க்க உதவும்.

மாமனார் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மறந்துவிடாதீர்கள். புதுப் போனில் அவருடைய சாட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றாலும் பழைய போனில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒரு ஃபோல்டரில் அந்த ஒலிகள் எல்லாம் தனித்தனி ஃபைலாக இருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் வந்த போன்களில் ஆண்ட்ராய்டு, மீடியா, பிறகு வாட்ஸ்அப் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். ஓடிஜியில் மவுஸை எடுத்துவிட்டுப் பென் டிரைவைச் செருகினால் மொத்த ஃபோல்டரையும் அதில் காப்பி செய்யலாம். தொடுதல் செத்த போன் என்றால் மவுஸும் பென் டிரைவும் சேர்ந்து செருகுகிற மாதிரி யுஎஸ்பி ஹப் ஒன்று தேவைப்படும். நீங்கள் டைப் செய்யும்போது விட்டுப்போன ஏதாவது அவர் வாயில் இருக்கும். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும், எங்கே வலை மாட்டும் என்பதையெல்லாம் ஒரு வரியில் யாரும் முழுதாக எழுதிவிட முடியாது. அவர் குரல் உங்கள் பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பதும் பெரிய விஷயம்தான்.

இன்னொரு சின்ன இடம். போன் மாற்றுவதற்கு முன் யாராவது 'எக்ஸ்போர்ட் எடுத்துக்கொள்' என்று சொல்லி, ஆப்பில் உள்ளதை ஒரு ஃபைலாக எடுத்திருந்தீர்களா? எடுத்திருந்தால் பிட்வார்டன், எக்ஸ்போர்ட் என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் பெயரில் ஒரு ஃபைல் டவுன்லோட்ஸில் அல்லது டிரைவில் கிடக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் பூட்டாமல் எடுத்த ஃபைல் என்றால் உங்கள் பாஸ்வேர்டுகள் அத்தனையும் அதில் வெட்டவெளியாக இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு அதை அழித்துவிடுங்கள்.

இனி அந்தக் கடை. அவர் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. மெமரி கார்டில் அழிந்துபோன கல்யாண போட்டோவை மீட்டுக் கொடுத்துப் பழகியவராக இருப்பார். அது நடக்கும், ஏனென்றால் கார்டில் உள்ளது பெரும்பாலும் பூட்டாமல் கிடக்கும். உங்கள் புதுப் போன் அப்படி இல்லை. ஆண்ட்ராய்டு 10இலிருந்து புதிதாக வரும் போன்கள் எல்லாமே உள்ளே உள்ளதைப் பூட்டியே எழுதுகின்றன. அதற்குள் இந்த ஆப் தனியாக ஒரு பூட்டுப் போடுகிறது. மேலெழுதிய நோட்டை அதிலிருந்து தோண்டி எடுக்க அவரிடம் கருவி இல்லை, என்னிடமும் இல்லை. 4,000 ரூபாய் போனால் போகிறது, மாஸ்டர் பாஸ்வேர்டு போனால் பேங்க் கணக்கு, மாமியாரின் உதவித்தொகைக் கணக்கு, ஜிமெயில் எல்லாம் ஒரே சாவியில் போகும். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றே மாற்றுங்கள், மற்றக் கருவிகளிலிருந்து வெளியேற்றும் வசதியையும் பயன்படுத்துங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் நம்பர்களுக்கும் போன் போடாதீர்கள். இப்படித் தவித்துக்கொண்டிருப்பவர்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். பணம் எடுக்கப்பட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு பத்தி. எல்லா ஆப்பும் ஒரே மாதிரி இல்லை. கீபாஸ் வகை ஆப்களில் ஒவ்வொரு பதிவுக்கும் பழைய வடிவங்கள் வழக்கமாகப் பத்துவரை சேர்ந்து இருக்கும், ஆகவே மேலெழுதினாலும் திரும்பப் பெறலாம். அந்த ஃபைலைக் கூகுள் டிரைவில் வைத்திருந்தால் டிரைவும் பழைய பதிப்புகளை 30 நாள் வைத்திருக்கும். ஒன்பாஸ்வேர்டிலும் பழைய வடிவங்களைப் பார்க்கலாம். ஐபோனின் பாஸ்வேர்டு ஆப்பில் அழித்தது 30 நாள் தனியாக இருக்கும். பாஸ்வேர்டு ஆப் இல்லாமல் கூகுள் கீப்பில் எழுதுபவர்களுக்கு ஏழே நாள்தான். எந்த ஆப்பாக இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் எல்லாமே காலியாகத் தெரிந்தால் வேறு இமெயிலில் புதுக் கணக்குத் திறந்துவிட்டோமா என்று முதலில் பாருங்கள். என்னிடம் பதறி வருபவர்களில் பலருக்கு நடந்திருப்பது அதுதான்.

சகோதரி, பாயிண்டுகள் கையில் வந்த பிறகு எப்படி வைப்பது என்று சொல்கிறேன். பாஸ்வேர்டு ஆப்பில் வைத்தது நல்ல யோசனைதான். மற்றப் படகுக்காரர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் இரண்டு போனில் தெரிவதை இரண்டு பிரதி என்று எண்ணிவிடக்கூடாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும், ஆகவே அது ஒரே பிரதி. வடகடலுக்கு ஒரு நோட்டு, தென்கடலுக்கு ஒன்று, அதிலும் 20 வரிக்கு மேல் போகாமல் பிரித்து எழுதுங்கள். ட்ராஷிலிருந்து மீட்ட 'போட்டு பேப்பர்' பழைய இடத்துக்கு வந்த பிறகு, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய எக்ஸ்போர்ட் ஒன்றை எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். ட்ராஷில் கிடப்பது எக்ஸ்போர்ட்டில் வராது, அதனால்தான் இந்த வரிசை. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுங்கள். நம் ஊர் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் ஜெல் பேனா மை ஊறிப் பரவிவிடும். அதை ஜிப் கவரில் போட்டு, ஒரு நகலை உங்கள் தாய்வீட்டில் கொடுத்து வையுங்கள்.

எழுதும்போது ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் வழக்கமாக டிகிரியும், புள்ளி வைத்த மினிட்டுமாகக் காட்டும். மேப் ஆப்கள் பெரும்பாலும் டிகிரியையே புள்ளி வைத்துக் காட்டும். இன்னும் சிலவற்றில் மினிட், செகண்ட் என்று தனித்தனியாக வரும். 11.500 என்று இருந்தால் அது 11 மினிட் 30 செகண்ட். அதை யாராவது 11 மினிட் 50 செகண்ட் என்று எழுதினால் 20 செகண்ட் பிசகும். ஒரு செகண்ட் ஏறக்குறைய 31 மீட்டர். படகு 600 மீட்டர் தள்ளிப் போய் நிற்கும், பாரில் விடுவதாக நினைத்துச் சேற்றில் வலையை விடுவார்கள். நீங்கள் அனுப்பிய மாதிரி வரியில் புள்ளி வைத்த மினிட்தான் இருக்கிறது, அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'டிகிரி, மினிட், மினிட்டுக்குப் பின் மூன்று இலக்கம்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளும் நாட்டுப்படகுக்குக் கொஞ்சம் கை நிறையும் நாட்கள், உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 46 பாயிண்டையும் ஒரே மூச்சில் ஜிபிஎஸ்ஸில் ஏற்றிவிட வேண்டாம். வீட்டுக்காரருக்கு நன்றாகப் பழக்கமான மூன்று பார்களின் பாயிண்டை மட்டும் உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து புதிதாக ஏற்றி, முதல் நாள் அங்கே போய்ப் பாகம் பார்க்கச் சொல்லுங்கள். மாமனார் சொன்ன ஆழமும் அடியில் தட்டுப்படும் ஆழமும் ஒத்து வந்தால் மீதியை ஏற்றுங்கள். ஒத்து வராவிட்டால், அல்லது பழைய போன் இமெயில் கேட்டு நின்றுவிட்டால், மேற்கொண்டு எதையும் தொடாமல் போனின் மாடலையும் திரையில் வந்த வார்த்தைகளையும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.